ஒலிநாடாவில் ஓர் அமானிதம்

ஓவியர் தீட்டியது சுவரில் நிற்கும். சிற்பி செதுக்கியது கல்லில் நிற்கும். புலவர் பாடியது ஏட்டில் நிற்கும். இசைவாணர் பாடியது மட்டும் பாடிய நொடியிலேயே காற்றோடு கலந்துவிடும். மனித வரலாற்றின் மிகப் பெரும் பகுதியில் இசையின் இயல்பு இதுவாகவே இருந்தது. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையில் யாழாசிரியனின் இலக்கணத்தையும் குழலோனின் இலக்கணத்தையும் இளங்கோவடிகள் விரிவாக உரைக்கின்றார். ஆயினும், அந்த யாழ் எவ்வாறு ஒலித்தது என்று கேட்டறிய நமக்கு வழியில்லை. அக்பரின் அவையில் தான்சேன் பாடிய குரலும் கேட்டவர் சொன்ன சொல்லாக எஞ்சியிருக்கிறதேயன்றிக் குரலாக எஞ்சவில்லை.

1877ஆம் ஆண்டில் எடிசன் ஒலியைப் பதிந்து மீண்டும் ஒலிக்கச் செய்யும் கருவியை உருவாக்கியபோது இந்நிலை மாறியது. 1887இல் பெர்லினர் தட்டையான இசைத்தட்டுக்கு வழிகண்டார். அன்றுமுதல் இசைவாணரின் குரல் அவரை விட்டுப் பிரிந்து, அவர் காணாத ஊர்களுக்கும் அவர் வாழாத காலங்களுக்கும் செல்லத் தொடங்கியது. இது பேறா, இழப்பா? இவ்வினாவை முதலில் எதிர்கொண்டவர்கள் இசைவாணர்களே. இன்றோ பாட்டைச் சட்டைப்பையில் சுமந்து திரியும் நம் ஒவ்வொருவர் முன்னும் அது நிற்கின்றது.

நம் கருத்தை முதலிலேயே கூறிவிடுவோம். பதிவு செய்யப்பட்ட குரல் ஓர் அமானிதம், அதாவது நம்மை நம்பி ஒப்படைக்கப்பட்ட பொருள். அமானிதத்தின்பால் நமக்குக் கடமைகள் இரண்டு உண்டு. ஒன்று, கெடாமல் காத்தல். மற்றொன்று, உரிய இடத்தில் சேர்த்தல். குரல் சேரவேண்டிய இடம் பெட்டியன்று, செவியாகும்.

மூன்று நிமிடமும் ஒரு பெயரும்

1902ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் கல்கத்தாவில் கௌஹர் ஜான் என்னும் பாடகியார் ஒலிப்பதிவுக்காகப் பாடினார். ஆர்மீனியக் குருதி வழியினர். தாயாருடன் இசுலாத்தைத் தழுவியவர். பிற்காலத்தில் மைசூர் அரண்மனையைச் சார்ந்து வாழ்ந்து 1930இல் அங்கேயே மறைந்தவர். பதிவு செய்தவர் பிரெட் கைஸ்பெர்க்.

அந்நாளில் ஒலிவாங்கி இல்லை. பாடுவோர் கூம்பு வடிவக் குழாயினுள் முகத்தை நெருக்கி உரத்துப் பாட, அக்குரலின் அதிர்வே ஊசியை அசைத்து மெழுகில் கோடு கிழிக்கும். மின்முறைப் பதிவு வந்தது 1925இல்தான். இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ மூன்று நிமிடமே அடங்கும். ஓர் இராகத்தை ஒரு மணி நேரம் விரித்துப் பாடிப் பழகியவர், அதன் சாரத்தை மூன்று நிமிடத்திற்குள் வடித்தெடுத்துத் தரவேண்டியிருந்தது. பலர் தயங்கிய அப்பணியை அவர் துணிந்து செய்தார்.

பாடி முடித்ததும் தம் பெயரைத் தாமே உரக்கக் கூறுவது அவருடைய பதிவுகளின் முத்திரையாயிற்று. அது தற்பெருமையன்று. அத்தட்டுகள் செருமனியின் ஹானோவர் நகரத் தொழிற்சாலைக்குச் சென்று அச்சாகித் திரும்பின. அங்குள்ள தொழிலாளர் எந்தத் தட்டு யாருடையது என்று அறிந்துகொள்ளவே பெயர் சொல்லும் வழக்கம் ஏற்பட்டது. தொழில் தேவைக்காகப் பிறந்த அவ்வழக்கத்தில் நமக்கு ஒரு பாடம் உண்டு. யாருடையது என்ற அடையாளம் இல்லாத குரல், எத்துணை இனிதாயினும், அநாதையாகிவிடும்.

மேடையைத் துறந்தவரும் பதிவைத் துறந்தவரும்

ஒலிப்பதிவைக் குறித்து ஆழ்ந்து சிந்தித்த மேலைநாட்டு இசைவாணர் இருவர் ஈண்டு நினைவுகூரத் தக்கவர். இருவரும் நேரெதிர்த் திசைகளில் நின்றவர்கள்.

முதலாமவர் கனடா நாட்டுப் பியானோ கலைஞர் கிளென் கூல்ட். புகழின் உச்சியில் இருந்தபோது, 1964 ஏப்ரல் 10 அன்று லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் வாசித்ததோடு மேடையை விட்டு விலகினார். அப்போது அவருக்கு வயது 31. அதன்பின் ஒலிப்பதிவுக் கூடமே அவருக்கு அரங்கமாயிற்று. மேடைக் கச்சேரியில் கலைஞரின் துணிச்சலைக் கண்டு வியக்கும் கூட்டம் இசையைக் கேட்பதில்லை என்பது அவரது குறைபாடு. பதிவில் பிழையைத் திருத்தலாம். பல முறை வாசித்தவற்றுள் சிறந்தவற்றை இணைக்கலாம். கேட்பவர் தம் இல்லத்துத் தனிமையில் தமக்கு வேண்டியவாறு கேட்கலாம். இவ்வாறு 1966இல் விரிவான கட்டுரை ஒன்றில் அவர் வாதிட்டார். ஒரு கணத்துக் கிளர்ச்சியைவிட, வாழ்நாள் நெடுகிலும் உள்ளத்தில் படியும் அமைதியையே கலையின் பயனாக அவர் கருதினார்.

பாக் இயற்றிய 'கோல்ட்பெர்க் வேரியேஷன்ஸ்' என்னும் இசைப்படைப்பை அவர் 1955இலும் 1981இலும் இருமுறை பதிவு செய்தார். முன்னது 39 நிமிடத்திற்குள் முடிந்துவிடுகிறது. பின்னது 51 நிமிடம் நீள்கிறது. முன்னதில் 22 வயது இளைஞரின் பாய்ச்சல். பின்னதில் ஐம்பதை நெருங்கியவரின் நிதானம். 1982 அக்டோபரில், தமது ஐம்பதாம் வயதில், அவர் மறைந்தார். வாசிக்கும்போது தம்மையறியாமல் முணுமுணுத்துப் பாடுவது அவர் வழக்கம். அந்த முணுமுணுப்பு இன்றும் பதிவுகளில் கேட்கிறது. பிழைகளையெல்லாம் நீக்க விரும்பியவரின் பதிவில், நீக்க முடியாமல் நின்றுவிட்டது அவருடைய மூச்சுக் குரல்தான்.

இரண்டாமவர் ருமேனியாவில் பிறந்து, 1979 முதல் 1996இல் மறையும் வரை மியூனிக் நகரப் பல்லியக் குழுவை நடத்திய செர்ஜியு செலிபிடாக்கே. பதிவு செய்யப்பட்ட இசை இசையே அன்று என்பது அவர் கொள்கை. ஒரு மண்டபத்தின் சுவர்களில் எதிரொலித்து, அங்கே கூடியிருப்போர் நடுவே, அந்தக் கணத்தில் பிறப்பதே இசை என்றும், மீண்டும் நிகழாதது என்பதே அதன் உயிர் என்றும் அவர் நம்பினார். எனவே தம் கச்சேரிகள் இசைத்தட்டாக வெளிவருவதை மறுத்துவந்தார். ஆயினும் அவர் மறைந்தபின் அக்கச்சேரிகளின் பதிவுகள் குடும்பத்தார் இசைவுடன் வெளிவந்தன. பதிவை மறுத்தவரின் பெருமையை அவரை நேரில் காணாத நாம் பதிவின் வாயிலாகவே அறிகின்றோம்.

இவ்விருவருள் யார் பக்கம் நீதி? கச்சேரி நடக்கும் நகரத்திற்குச் செல்ல வண்டிச்சத்தம் இல்லாதவனையும், நோயில் கிடப்பவனையும், இன்னும் பிறக்காதவனையும் நினைத்துப் பார்த்தால் கூல்ட் சொல்வதே சரி. நூறு பாடல்களை ஓடவிட்டு ஒன்றையும் கேளாதிருக்கும் இன்றைய நம் நிலையை நினைத்துப் பார்த்தால் செலிபிடாக்கேயின் எச்சரிக்கை சுடுகின்றது. இருவரையும் ஒருசேரப் பொருத்திக் காண, ஏறத்தாழ 900 ஆண்டுகளுக்கு முன் மறைந்த ஒரு பேரறிஞரின் சிந்தனை நமக்குத் துணையாகின்றது.

காலம், இடம், தோழமை

இசை ஆகுமா ஆகாதா என்பதில் மார்க்க அறிஞரிடையே நெடுங்காலமாகக் கருத்து வேறுபாடு உண்டு. அதில் தீர்ப்பு வழங்குவது தமிழாசிரியராகிய எமது பணியன்று. ஆனால் ஒரு சொல்லைச் சுட்டிக்காட்டுவது எம் பணியாகும். 1111இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் 'இஹ்யா உலூமித்தீன்' என்னும் பெருநூலில் இப்பொருளுக்கென ஒரு தனிப்பகுதியே வகுத்துள்ளார்கள். அங்கே அவர்கள் ஆளும் சொல் 'ஸமாஉ'. அதற்குக் கேட்டல் என்பது பொருள். பாடுபவரின் திறத்தைவிடக் கேட்பவரின் உள்ளமே அங்கு ஆய்வுப்பொருள். உள்ளத்தில் இல்லாததை இசை புதிதாகக் கொண்டுவந்து வைப்பதில்லை. உள்ளே இருப்பதையே அது அசைத்து வெளிப்படுத்துகிறது என்பது அவர்களது கருத்து.

கேட்டலுக்கு மூன்று வேண்டும் என்று ஜுனைதுல் பக்தாதி (ரஹ்) அவர்கள் கூறியதையும் அவர்கள் எடுத்துரைக்கிறார்கள். உரிய காலம், உரிய இடம், உரிய தோழமை ஆகியவையே அம்மூன்று. இம்மூன்றும் அமையாத வேளையில் கேளாதிருத்தலே நன்று என்பது அதன் உட்கிடை.

நம் தமிழ் மரபும் இதற்கு அயலன்று. திருவள்ளுவர் 'கேள்வி' என்று ஓர் அதிகாரமே வகுத்தார். அங்கே கேள்வி என்பது வினா அன்று, கேட்டறிதல். இன்று அச்சொல் வினா என்னும் பொருளிலேயே பெரிதும் வழங்குகிறது. கேட்பதை விடுத்து வினவுவதை மட்டும் வைத்துக்கொண்டோம் போலும்!

ஒலிப்பதிவு செய்த மாற்றம் இப்போது தெளிவாகும். பதிவுக்கு முன் காலமும் இடமும் தோழமையும் இசையோடு சேர்ந்தே வந்தன. பாடுவோர் வரும் நாளில், அவர் பாடும் இடத்திற்கு, நாலு பேரோடு சென்றால்தான் கேட்கமுடியும். பதிவு அம்மூன்றையும் இசையிலிருந்து பிரித்தெடுத்துக் கேட்பவர் கையில் கொடுத்துவிட்டது. முன்னர் தாமே அமைந்தவற்றை இனி நாமே அமைத்துக்கொள்ள வேண்டும். அமைத்துக்கொண்டால் கூல்ட் கண்ட பேறு நமக்கும் கிட்டும். அமைக்காவிடின் செலிபிடாக்கே அஞ்சிய வெறுமையே எஞ்சும்.

ஒரு புகைவண்டி நிலையம்

1937 அக்டோபர் 27. கிரானா மரபின் பேராசான் உஸ்தாத் அப்துல் கரீம் கான் சென்னையிலிருந்து புதுச்சேரிக்குப் புகைவண்டியில் சென்றுகொண்டிருந்தார். வழியில் நெஞ்சு வலித்தது. செங்கற்பட்டுக்கு அருகிலுள்ள சிங்கப்பெருமாள் கோவில் நிலையத்தில் இறங்கினார். அங்கேயே விரிப்பை விரித்துத் தொழுது, பின்னர் மெல்லிய குரலில் பாடியவாறே உயிர் நீத்தார் என்று அவரது வரலாற்றை எழுதியோர் கூறுவர். அவரது நல்லடக்கத் தலம் மராட்டியத்து மீரஜ்.

அந்த இறுதிப் பாட்டு எந்த மெழுகிலும் பதியவில்லை. அந்நிலையத்தில் அவ்வேளையில் உடனிருந்தோர்க்கு மட்டும் வாய்த்தது அது. அதற்கு முன் அவர் பாடித் தந்த இசைத்தட்டுகளோ நமக்கும் கிடைத்துள்ளன. வடநாட்டு உஸ்தாதாகிய அவர் தியாகராசரின் கீர்த்தனையையும் விரும்பிக் கற்று இசைத்தட்டில் பாடியவர் என்பதை அவற்றால்தான் செவியாரக் கேட்டறிகிறோம். கைப்பட்டது எவ்வளவு, கைநழுவியது எவ்வளவு என்பதற்கு அவ்வாழ்வே அளவுகோல்.

யாம் அழித்த குரல்

பெரியோர் கதைகளை எடுத்துரைத்த யாம் எம் இல்லத்துச் சிறுகதை ஒன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும். எம் அத்தா சவூதி அரேபியாவில் பணியாற்றிய காலம் அது. விடுப்பில் வந்தவர் 'டூ-இன்-ஒன்' எனப்படும் வானொலியோடு இணைந்த டேப் ரெக்கார்டர் ஒன்றைக் கொண்டுவந்தார். எழுத்தறியாத எம் நன்னி அத்தாவுக்கு மடல் எழுத இயலாது. எனவே கேசட்டில் பேசி, ஊரிலிருந்து திரும்பிச் செல்வோர் கையில் கொடுத்தனுப்புவோம். அவ்வாறு சென்ற ஒரு கேசட்டில் நன்னி, பேசவேண்டிய செய்தியெல்லாம் தீர்ந்தபின், தாம் இளமையில் மனனம் செய்த முனாஜாத்து ஒன்றையும், எம்மைத் தொட்டிலிலிட்டுப் பாடிய தாலாட்டையும் பாடியிருந்தார். அத்தா அதைப் பலநாள் இரவில் கேட்டாராம். ஊர் திரும்பியபோது கையோடு கொண்டுவந்து அலமாரியில் வைத்தார்.

கேசட்டின் விளிம்பில் சிறு பிளாஸ்டிக் துண்டு ஒன்று உண்டு. அதை உடைத்துவிட்டால் அதன்மேல் வேறொன்றைப் பதியமுடியாது. எம் வீட்டில் எவரும் அதை உடைக்கவில்லை. வெற்றுக் கேசட் வாங்கக் காசில்லாத ஒரு நாளில், பத்து வயதினராகிய யாமே, வானொலியில் வந்த திரைப்பாடல்களை அதன்மேல் பதிந்துவிட்டோம். நன்னி மறைந்த பின்னரே செய்தது இன்னதென்று விளங்கிற்று. திரைப்பாடல் முடிந்த இடத்தில் இன்னும் சில நொடிகள் மட்டும் நன்னியின் குரல் இருக்கிறது. பாட்டு இல்லை. ஓர் இருமலும், "பதியுதா இது?" என்னும் கேள்வியும் மட்டும். எங்கள் குடும்பத்தில் எஞ்சிய அமானிதம் அவ்வளவே. அக்கேள்விக்கு விடை சொல்ல எமக்கு இன்றுவரை வாய் எழவில்லை.

இன்றைய நிலை

அந்நாளில் ஒரு கேசட்டில் 60 அல்லது 90 நிமிடமே அடங்கும். மேற்பதிவு செய்ததற்கு ஏழ்மை ஒரு காரணம் என்றாவது சொல்லிக்கொள்ளலாம். இன்று மாணவர் ஒவ்வொருவர் கைப்பேசியிலும் பலநூறு மணி நேரத்தைப் பதிய இடமுண்டு. எம் வகுப்பில் ஒருநாள், "உங்களில் எத்துணைப் பேர் பாட்டியின் பாட்டைப் பதிந்து வைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்டோம். கைகள் உயரவில்லை. பிறந்தநாள் விழாக்களும் உணவுத் தட்டுகளும் ஆயிரக்கணக்கில் பதிவாகியிருந்தன. வறுமையால் நேர்ந்தது அன்றைய இழப்பு. இன்று நேர்வது மறதியால்.

பதிந்தவற்றைக் கேட்கும் முறையும் வருந்தத்தக்கதே. 2015 ஏப்ரல் 8 அன்று மறைந்த இசைமுரசு நாகூர் ஹனிபா அவர்களின் குரலை அறியாத தமிழ் முஸ்லிம் இல்லம் அரிது. பிற சமயத்தாரும் தம் குரலாகப் போற்றிய குரல் அது. அக்குரல் இன்று கல்யாண வீட்டு ஒலிபெருக்கியில் முழங்குகிறது. அதன் கீழே நின்று அதைவிட உரக்க நாம் ஊர்க்கதை பேசுகின்றோம். கைப்பேசியின் அழைப்பொலியாகவும் அதை வைத்திருக்கின்றோம். முதலடி முடிவதற்குள் விரலால் அதன் வாயை அடைத்துவிடுகின்றோம். இது கேட்டல் ஆகுமா?

செய்யத் தக்கவை

தமிழ்த் துறையின் மலரில் எழுதுவதால், தமிழ்த் துறை செய்யத்தக்க சிலவற்றைக் கூறி அமைவோம்.

முதலாவது, மாணவர் ஒவ்வொருவரும் விடுமுறையில் தம் இல்லத்து மூத்தவர் ஒருவரின் பாட்டையாவது பதிந்து வருதல் வேண்டும். தாலாட்டு, முனாஜாத்து, கிஸ்ஸா, கல்யாணப் பாட்டு, நடவுப் பாட்டு என எதுவாயினும் ஆகுக. எம்மதத்து மாணவராயினும் ஆகுக. குணங்குடி மஸ்தான் சாகிபு பாடல்களை ஏடு பார்க்காமல் பாடவல்ல முதியவர்கள் இன்னும் இருக்கின்றார்கள். சீறாப்புராணத்தை இராகத்தோடு ஓதக் கேட்டவர்களும் இருக்கின்றார்கள். ஆண்டுதோறும் அவர்கள் தொகை குறைந்துவருகிறது. பாடலின் சொற்களை அச்சுநூல் காக்கும். அதன் மெட்டை அவர்கள் தொண்டை மட்டுமே காக்கிறது.

இரண்டாவது, கௌஹர் ஜானின் வழக்கத்தை நாமும் கைக்கொள்வோம். பதிவின் தொடக்கத்திலேயே பாடுபவர் பெயர், ஊர், அகவை, பதிந்த நாள், அப்பாட்டை அவர் யாரிடம் கற்றார் என்பவற்றைச் சொல்லச் செய்தல் வேண்டும்.

மூன்றாவது, இசைவு. இசை என்னும் சொல்லுக்குப் பாட்டு என்றும் புகழ் என்றும் பொருள் உண்டு. இசைவு என்றால் ஒப்புதல். பாடுபவரின் இசைவின்றிப் பதிந்த இசை களவாகும். தம் குரல் வெளியார் செவிக்குச் செல்வதை விரும்பாத தாய்மார் நம் சமுதாயத்தில் பலர். அவர்கள் விருப்பத்தை மதித்து, அப்பதிவைக் குடும்பத்தார் மட்டும் கேட்கும்படி வைத்துக்கொள்ளலாம். அமானிதம் என்பதன் இலக்கணமே அதுவன்றோ?

நான்காவது, ஒவ்வொரு பதிவுக்கும் இரண்டு படிகளாவது வெவ்வேறு இடங்களில் இருத்தல் வேண்டும். கைப்பேசி தொலையும்; கருவி பழுதாகும். ஒரே படியை நம்பியிருப்பது பிளாஸ்டிக் துண்டை உடைக்காத கேசட்டை நம்பியிருப்பதற்கு ஒப்பாகும்.

ஐந்தாவதே தலையாயது. திங்களுக்கு ஒருநாள், ஒரு மணி நேரம், கைப்பேசிகளை வெளியே வைத்துவிட்டு, ஆசிரியரும் மாணவரும் ஊர்ப் பெரியவர்களும் ஒரே அறையில் அமர்ந்து அப்பதிவுகளைக் கேட்போமாக. பாடியவர் வர இயலுமாயின் அவரையும் அழைத்து முன்வரிசையில் அமர்த்துவோமாக. காலமும் இடமும் தோழமையும் அங்கே மீண்டும் ஒன்றுகூடும்.

இதற்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை, கட்டடமும் வேண்டியதில்லை. இன்றிரவே வீட்டு மூத்தவரின் அருகில் அமர்ந்து, "அந்தப் பாட்டை ஒருமுறை பாடுங்கள்" என்று கேட்டாலே போதும். அவர் பாடத் தொடங்குமுன், எம் நன்னி கேட்டதையே கேட்கக்கூடும். "ஆம், பதிகிறது" என்று சொல்ல உங்களுக்கு இன்னும் வாய்ப்பிருக்கிறது. அதைத் தவறவிடாதீர்கள்.